பீடை பிடித்த நிரல்

மூன்றாம் மாடிக்குப் போகும் லிஃப்டில் அன்று இடம் இல்லை. படிக்கட்டிலும் இல்லை. பக்கத்து அலுவலகத்துக்காரர்கள், எதிர்க் கட்டடத்துக்காரர்கள், பேருந்து மாறி வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையை வைத்தியரிடம் தூக்கி வந்தவர்களின் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது ஒவ்வொரு முகமும். காவலாளி விசில் ஊதிப் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை. கடைசியில் அவரும் வரிசையில் சேர்ந்துகொண்டார். அவரிடம் கணினி கிடையாது. கைப்பேசியையாவது காட்டிவிட்டுப் போவோமே என்ற எண்ணம்.

உள்ளே நிரல்ஞானி வந்திருக்கிறார்.

நிரல் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. 'இதைச் செய், அதைச் செய், இப்படி நடந்தால் அப்படிப் போ' என்று கணினிக்கு மனிதர்கள் எழுதிவைக்கும் கட்டளைகள். ஒருவர் எழுதுவார். அவர் வேலையை விட்டுப் போனபின் இன்னொருவர் நடுவில் நாலு வரி சொருகுவார். அந்த நாலு வரிக்குள் மூன்றாமவர் ஒரு விதிவிலக்கை நுழைப்பார். சில வருடங்களில் அது பூனை விளையாடிய நூல்கண்டு மாதிரி ஆகிவிடும். கணினி எப்படியோ படித்துவிடும். மனிதருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. இதற்கு மருந்து, உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பது. அதற்குப் பொறுமை வேண்டும். யோசிக்க வேண்டும். யோசிப்பது எவ்வளவு கஷ்டம்! ஞானிக்குப் பணம் கட்டுவது எவ்வளவு சுலபம்!

ஞானி வெள்ளையாக வந்திருந்தார். சட்டை வெள்ளை, கால்சட்டை வெள்ளை, தாடி மட்டும் பாதி வெள்ளை. பேச்சு மிக மெல்லியது. மெல்லப் பேசினால் கேட்பவர்கள் குனிந்துதான் ஆக வேண்டும்; குனிந்தவர்களை நம்பவைப்பது எளிது. இடது கை எப்போதும் சட்டைப் பைக்குள். மேசைமேல் பூசணிக்காய் அளவுக்கு ஒரு கண்ணாடி உருண்டை. அதிலிருந்து ஒரு கம்பி கணினிக்குப் போகிறது. உருண்டையின் பெயர் தெளிவுமானி. பீடை பிடித்த நிரலைத் திறந்தால் அது சிவக்கும். சுத்தமான நிரல் என்றால் பச்சையாக ஒளிரும். சிவந்துவிட்டால் ஞானி அந்த நிரலைக் கொண்டுபோய்ச் 'சுத்தி' செய்து தருவார். கட்டணம் எவ்வளவு என்று வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. உலகத்து ஞானிகள் எல்லோருக்கும் இந்த ஒரு விதி மட்டும் எப்படியோ ஒன்றாக அமைந்துவிடுகிறது.

வரிசையில் சாட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை.

"எங்க ஆபீஸ் புரோகிராம் அடிக்கடி படுத்துக்கும்ங்க. ஞானி கை வச்சாரு. அதுக்கப்புறம் ஒரு தடவைகூடப் படுக்கல" என்றார் ஒருவர், கண்கலங்க.

"நல்லா ஓடுதா?"

"அதை இன்னும் ஓட்டிப் பார்க்கல."

கேட்டவள் கொக்கி.

அது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் ஒரு கேள்வியில் கொண்டுபோய் மாட்டுவாள். கேள்விக்குறியும் பார்ப்பதற்குக் கொக்கி மாதிரிதானே இருக்கிறது? அலுவலகம் அப்படியே வைத்துவிட்டது. வேலையும் பெயருக்குப் பொருத்தம். அவள் சோதனையாளர். மற்றவர்கள் எழுதிய நிரலை ஓட்டிப் பார்த்து, எங்கே உடையும் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் மாப்பிள்ளையின் குறைகளை எடுத்துச் சொல்லும் சித்தியை எல்லோருக்கும் எவ்வளவு பிடிக்குமோ, அவ்வளவு பிடிக்கும் அவளை அந்த அலுவலகத்தில்.

அந்த அலுவலகம் எழுதிக் கொடுத்தது விளையாட்டு நிரல் அல்ல. நகரத்து ஆம்புலன்ஸ்களை அனுப்பும் நிரல். யாராவது பதறிப்போய் போன் செய்தால், எந்த வண்டி போக வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். முதன்முதலில் எழுதியவர் மூத்தவர். தலை நரைத்து, கண்ணாடி தடித்து, இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார். அப்புறம் வந்தவர்கள் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்தார்கள். இப்போது அது ஒரே மூச்சில், ஒரே துண்டாக, திரையில் உருட்டினால் விரல் வலிக்கும் நீளத்துக்குக் கிடந்தது. 'அப்படியானால்' என்பதற்குள் ஒரு 'அப்படியானால்'. அதன் வயிற்றுக்குள் இன்னொன்று.

"இதை என்னைத் தவிர எவனாலயும் படிக்க முடியாது" என்பார் மூத்தவர். மீசை மேல் கை போகும். சில சமயம் அவராலேயே முடியாது. அப்போது மட்டும் மீசைப் பக்கம் கை போகாது.

மெதுவாக அந்த நிரலைச் சுற்றிக் கதை கட்டினார்கள். அதைத் தொட்டவனுக்கு ஆகாதாம். ஒருவன் தொட்டான், மறுநாளே காய்ச்சல். இன்னொருவன் தொட்டான், அவனுக்கு வேலை போயிற்று. மூன்றாவது ஒருவன் தொட்டான். அவனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது!

"பீடைங்க. சந்தேகமே இல்ல" என்றார் மேலாளர். அவருக்குச் 'சரிசரி' என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் "சரி சரி" என்பார். கடைசியாகச் சொன்னவர் யாரோ அவர்தான் அன்றைக்கு ஜெயிப்பார்.

கொக்கி அவரிடம் அப்போதே போய்ச் சொன்னாள். "சார், பீடையும் இல்ல பேயும் இல்ல. வழி எத்தனை இடத்துல பிரியுதுன்னு எண்ணிப் பார்த்தா போதும். ஒவ்வொரு 'அப்படியானா'வும் ஒரு முச்சந்தி. ஒரே துண்டுல முச்சந்தி நிறைய இருந்தா, படிக்கறவன் தொலைஞ்சு போவான். எண்ணிக்கை அதிகமா இருக்கற இடத்தைச் சின்னச் சின்னதாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் புரியற மாதிரி பேர் வச்சா ஆச்சு. எண்ணிடலாமா?"

சரிசரி யோசித்தார். "எண்ணுறதா? அது ரொம்ப சாதாரணமா இருக்கேம்மா."

சாதாரணமாக இருப்பதை யார் மதிப்பார்கள்? ஞானியைக் கூப்பிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் நிரலைத் திறந்ததும் உருண்டை ரத்தச் சிவப்பாக எரிந்தது. கூட்டம் "ஐயோ" என்றது. ஞானி கண்ணை மூடினார். "பெயர்களில் கனம் அதிகம்" என்று முணுமுணுத்தார். "வரிகளில் காற்று இல்லை. அடைப்புக்குறிகள் மூச்சை அடைக்கின்றன." எல்லோரும் குனிந்து கேட்டார்கள். மூத்தவர்கூடக் குனிந்தார். தன் நிரலுக்கு இவ்வளவு பெரிய வியாதி வந்திருப்பதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

சில நாள் கழித்து நிரல் சுத்தியாகித் திரும்பி வந்தது. பழைய நீளத்தில் பாதிகூட இல்லை. உருண்டை பச்சையாக மின்னியது. 'சுத்தி ஆயிற்று' என்று எழுதிய பச்சை ஸ்டிக்கர் ஒன்றை ஞானி கணினிமேல் ஒட்டினார். கைத்தட்டல் அடங்கவே நேரமாயிற்று.

"ஓட்டிப் பார்த்துடறேன் சார்" என்று கொக்கி எழுந்தாள்.

ஞானியின் முகம் சுருங்கியது. "சுத்தியான நிரலைச் சோதிப்பது அதை அவமதிப்பது. சந்தேகக் கண் பட்டால் சுத்தம் கெடும்."

"கேட்டியாம்மா? கண்ணு படக் கூடாதாம்" என்றார் சரிசரி. கொக்கியை அந்த நிரலிலிருந்து மாற்றி, வேறு ஒரு வேலையில் போட்டார். அவளும் உட்கார்ந்துவிட்டாள். சண்டை போட்டிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முகத்திலும் அத்தனை சந்தோஷம். இவள் மட்டும் எத்தனை நாள்தான் சித்தியாகவே இருப்பது?

கொக்கியின் கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். அந்த வாரம் அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தார்.

"என்னங்க, சாப்பிடலையா?"

"ஊர்ல இருக்கற வண்டி எல்லாம் செத்துப் போச்சா? எல்லாத்துக்கும் நானேதான் போகணுமா?" என்றார் கூரையைப் பார்த்து. "கிழக்கால ஒருத்தருக்கு மாரடைப்பு, நான். மேற்கால மாடியிலேருந்து விழுந்துட்டாரு, நான். போற வழியில நம்ம பசங்க வண்டியை நிறுத்திட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கானுங்க. 'எங்கண்ணே பறக்கறீங்க'ன்னு கை காட்றானுங்க!"

பக்கத்து அறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "அதான் ஞானி வந்து எல்லாத்தையும் சுத்தி பண்ணிட்டாராமே? ஏம்மா, அந்தப் பச்சை ஸ்டிக்கர் ஒண்ணு கெடைக்குமா? வாஷிங் மெஷின் ரொம்பச் சத்தம் போடுது."

"கெடைக்கும் அத்தை. ஆனா மெஷினுக்குப் படிக்கத் தெரியுமா?"

கொக்கி சிரித்துவிட்டாள். ஆனால் கணவர் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு ஒரு வீடு" என்றார். "நெஞ்சுவலி. பெரிய மனுஷர். நான் ஊரைச் சுத்திப் போய்ச் சேர்ந்தப்போ வீட்டுல யாருமே இல்ல. கதவு திறந்து கிடக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க அவரை சோபா ஏத்தி வந்த லாரியில சோபா மேலயே படுக்க வச்சுக் கொண்டுபோயிட்டாங்களாம். பிழைச்சுக்கிட்டாரு. அந்தத் தெருமுனையிலயே நம்ம வண்டி ஒண்ணு நின்னுச்சு, தெரியுமா? தெருமுனையில!"

யார் கண் பட்டால் கெட்டுப்போகும் என்று சொன்னார்களோ, அந்தக் கண்ணைக் கொக்கி தானே மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை யாரையும் கேட்காமல் நிரலைத் திறந்தாள். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஞானியின் வித்தை புரிந்தது. நீளம் எப்படிக் குறைந்தது என்று புரிந்தது. பெயர்களை எல்லாம் ஒற்றை எழுத்தாக்கி இருந்தார். 'பக்கத்து வண்டி' இப்போது 'ப'. 'ஆபத்தான நிலை' இப்போது 'ஆ'. இடையில் மூத்தவர் எழுதியிருந்த விளக்கக் குறிப்புகள் போயின. பத்து வரியில் இருந்ததை ஒரே வரியில் அடைத்திருந்தார். முச்சந்திகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. அத்தனை முச்சந்தியையும் ஒரே சந்துக்குள் திணித்திருந்தார். பெட்டி மூடவில்லை என்றால் மேலே ஏறி உட்கார்ந்து பூட்டுவோமே, அந்த மாதிரிச் சுத்தம்.

ஓட்டிப் பார்த்தாள். கிழக்குத் தெருவில் நெஞ்சுவலி என்று கொடுத்தாள். முதலாம் வண்டி. மேற்கில் கொடுத்தாள். முதலாம் வண்டி. முதலாம் வண்டி அவள் கணவருடையது.

நேரே சரிசரியிடம் போனாள். அவர் பயந்துபோய் ஞானிக்கு போன் செய்தார். ஞானி வருத்தத்தோடு சொன்னார்: "யாரோ சந்தேகப்பட்டுவிட்டார்கள். மறுசுத்தி தேவை. பெரிய அளவில், பலர் முன்னிலையில்."

"சரி சரி" என்றார் மேலாளர்.

கொக்கி எதிர்த்துப் பேசவில்லை. அறையை விட்டு வெளியே வந்து கணவருக்கு போன் செய்தாள். "கணினி யாரை அனுப்பினாலும் சரி, பக்கத்துல இருக்கறவர் போகட்டும். உங்க பசங்ககிட்டச் சொல்லிடுங்க. அப்படியே மறுசுத்திக்கும் எல்லாரையும் கூட்டிட்டு வாங்க." ஓட்டுநர்கள் அன்றே வயர்லெஸ்ஸில் பேசி வைத்துக்கொண்டார்கள். நகரம் சில நாள் கணினி இல்லாமல் கொஞ்சம் ஒழுங்காகப் பிழைத்தது.

மறுசுத்தி நாள் வந்தது. கூட்ட அறையில் நாற்காலிகள் போதாமல் மேசைமேல் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் அடுத்த அலுவலகங்களின் மேலாளர்கள். சுவரோரம் ஓட்டுநர்கள், சீருடையில், கைகட்டி. ஞானி உள்ளே வந்ததும் சத்தம் அடங்கியது.

கொக்கி மிகவும் பணிவாக எழுந்தாள். அவளைத் தெரிந்தவர்கள் அப்போதே உஷாராகி இருக்க வேண்டும்.

"ஞானி ஐயா, எனக்கும் நம்பிக்கை வரணும்னு ஆசை. எங்க பழைய நிரலையும் நீங்க சுத்தி பண்ணினதையும் அடுத்தடுத்து காட்டுங்களேன். வெளியிலேருந்து வந்தவங்களும் வித்தியாசத்தைப் பார்க்கட்டும்."

ஞானி புன்னகைத்தார். 'பழசு' என்று பெயர் போட்டிருந்த கோப்பை அவள் திறந்தாள். உருண்டை சிவந்தது. கூட்டம் "ஐயோ" என்றது. 'புதுசு' என்ற கோப்பைத் திறந்தாள். பச்சை. கைத்தட்டல்.

கொக்கியும் தட்டினாள். பிறகு இரண்டு கோப்பையும் பெரிய திரையில் பக்கம் பக்கமாக வைத்தாள். "இப்ப எல்லாரும் பாருங்க. ரெண்டும் ஒண்ணுதான். எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. ஐயா சுத்தி பண்ணினதையேதான் ரெண்டு பேர்ல வச்சேன்."

கூட்டம் திரையையும் உருண்டையையும் மாறி மாறிப் பார்த்தது. ஞானி அசரவில்லை. "பெயருக்கும் அதிர்வு உண்டு, மகளே. 'பழசு' என்று எழுதினாய். உருண்டை அந்தச் சொல்லை உணர்ந்தது."

"ஆமா, ஆமா" என்று முன்வரிசை தலையாட்டியது. போன மூச்சு திரும்பி வந்தது அவர்களுக்கு.

கொக்கி கணினியிலிருந்து உருண்டையின் கம்பியைப் பிடுங்கினாள். உருண்டை தன் பாட்டுக்குப் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"கம்பி இல்லாமயே படிக்குது!" என்றார் சரிசரி, கண் விரிய.

"கம்பி இல்லாமலே!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. பின்வரிசையில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். பித்தலாட்டம் வெளிப்பட்டால் பக்தி குறையும் என்று நினைப்பவர்கள் பக்தர்களைப் பார்த்ததே இல்லை.

கொக்கி ஒரு நொடி திகைத்தாள். சுவரோரம் கணவரைப் பார்த்தாள். அவர் ஞானியின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்தாள். சட்டென்று கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"பின்னாடி இருக்கறவங்களுக்கு உருண்டை தெரியுதாங்க?"

"தெரியல!"

"ஐயா தூக்கிக் காட்டட்டுமா?"

"தூக்கிக் காட்டுங்க! தூக்கிக் காட்டுங்க!"

ஞானி தயங்கினார். கூட்டம் விடவில்லை. நம்பிக்கை உள்ள கூட்டம் எப்போதாவது விட்டிருக்கிறதா? பூசணிக்காய் அளவுக் கண்ணாடியை ஒரு கையால் தூக்க முடியாது. வேறு வழியில்லாமல் இடது கை பையிலிருந்து வெளியே வந்தது. இரண்டு கையாலும் உருண்டையைத் தலைக்குமேல் தூக்கினார். பச்சை.

கொக்கி 'பழசு' கோப்பைத் திறந்தாள். பச்சை. நிரலே இல்லாத ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்தாள். பச்சை. முழங்கையை விசைப்பலகையில் ஊன்றி, திரை முழுக்கக் கண்டபடி எழுத்துகளைக் கொட்டினாள்.

பச்சை.

"ஐயா, இதுகூடச் சுத்தமா?"

ஞானியின் நெற்றியில் வேர்த்தது. உருண்டையைக் கீழே வைத்தால் கையைப் பையில் விடலாம். ஆனால் அத்தனை கண்ணும் அந்தக் கை மேல். கொக்கியின் கணவர் மெல்ல நடந்து வந்தார். "ரொம்பக் கனமா இருக்கும் ஐயா, குடுங்க" என்று உருண்டையை வாங்கிக்கொண்டார். "இப்பப் பையில இருக்கறதை நீங்களே எடுக்கறீங்களா?"

ஞானி எடுக்கவில்லை. சரிசரிதான் எடுத்தார். கடைசியாகப் பேசியவர் ஓட்டுநர் அல்லவா? தீப்பெட்டி அளவுக்கு ஒரு விசை. அழுத்தினார்: ஓட்டுநர் கையில் உருண்டை சிவந்தது. மறுபடி அழுத்தினார்: பச்சை. அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. இன்னும் இரண்டு தடவை அழுத்தினார்.

"விளக்கு வெறும் அடையாளம்!" ஞானியின் மெல்லிய குரல் முதல் தடவையாக உரத்தது. "என் வேலையைப் பாருங்கள். நிரல் பாதியாகக் குறைந்ததா இல்லையா?"

"குறைஞ்சுது" என்று ஒப்புக்கொண்டாள் கொக்கி. "நீளம் குறைஞ்சா சிக்கலும் குறையுமா? சரி, எனக்குச் சந்தேகக் கண்ணு. நான் படிக்கல. நீங்களே படிச்சுச் சொல்லுங்க. கிழக்குத் தெருவுல ஒருத்தருக்கு நெஞ்சுவலி. உங்க நிரல்படி எந்த வண்டி போகும்?"

ஞானி திரையைப் பார்த்தார். 'ப' என்றார். 'ஆ' என்றார். அதற்குமேல் வரவில்லை. சுத்தி செய்தவருக்கே தன் சுத்தம் புரியவில்லை.

"அண்ணே, நீங்க வாங்க" என்று கொக்கி மூத்தவரைக் கூப்பிட்டாள்.

மூத்தவர் மீசையைத் தடவிக்கொண்டே வந்தார். கண்ணாடியைத் துடைத்தார். திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கினார். உதடு அசைந்தது. விரல் ஒரு எழுத்திலிருந்து இன்னொரு எழுத்துக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. எல்லோரும் காத்திருந்தார்கள். திடீரென்று விரல் நின்றது.

"இங்க ஒரு அடைப்புக்குறி இருந்துச்சே?"

அவர் எழுதிய நிரலில், 'நிலை ஆபத்தானது, அல்லது நோயாளி குழந்தை' என்ற இரண்டும் ஓர் அடைப்புக்குறிக்குள் இருந்தன. அதற்கு வெளியே 'அதோடு வண்டி பக்கத்தில் இருக்க வேண்டும்' என்று இருந்தது. மூச்சை அடைக்கிறது என்று ஞானி அடைப்புக்குறியை எடுத்துவிட்டார். 'பக்கத்தில்' என்பது குழந்தையோடு மட்டும் ஒட்டிக்கொண்டது. நிலை ஆபத்தானதா, அப்படியானால் எந்த வண்டியானாலும் சரி என்று கணினி எடுத்துக்கொண்டது. பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட வண்டியை அனுப்பியது. உயிருக்குப் போராடுபவர்கள் எல்லோருக்கும் ஊரிலேயே ஒரே வண்டி.

மூத்தவர் இதை மெல்ல விளக்கி முடித்தபோது ஓட்டுநர்களில் ஒருவர் கேட்டார்: "அந்த சோபா ஆளு செத்திருந்தா?"

"ஆமா, ஆமா" என்று தலையாட்டிய முன்வரிசை தரையைப் பார்த்தது.

ஞானி கதவை நோக்கி நடந்தார். உருண்டையைக் கேட்கவில்லை. லிஃப்டில் இடம் இல்லை, படியில் இறங்கினார். அங்கே நின்ற வரிசைக்கு, மேலே நடந்தது எதுவும் தெரியாது. "ஐயா, ஒரு தடவை தொட்டுட்டுப் போங்க!" என்று இருபுறமும் மடிக்கணினிகளை நீட்டினார்கள். அவரும் தொட்டுக்கொண்டேதான் போனார். பழக்கதோஷம்.

அலுவலகத்தில் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை. அவமானம் அதைவிடப் பெரிது என்று சரிசரி போலீசுக்குப் போகவே யோசித்தார். கொக்கி கூடவே போய்ப் புகார் கொடுக்க வைத்தாள்.

அப்புறம் மூத்தவரும் கொக்கியும் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். பழைய நிரலையே எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் மூத்தவர் முரண்டு பிடித்தார்.

"இதுல என்னம்மா புரியல? எனக்குப் புரியுதே!"

"உங்களுக்குப் புரியுது அண்ணே. நாளைக்கு நீங்க லீவு போட்டா?"

"நான் லீவே போட்டதில்ல."

"ஏன் அண்ணே?"

மூத்தவரின் மகள் வெளியூரில் இருக்கிறாள். பேரப்பிள்ளை பிறந்து தவழ்ந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டது; இவர் போனில்தான் பார்த்திருக்கிறார். இந்த நிரல் எப்போது படுக்குமோ என்று நாற்காலியை விட்டு நகர்ந்ததில்லை. எவனாலும் படிக்க முடியாது என்று இத்தனை காலம் பெருமை பேசியது, தன்னைத் தானே பூட்டிக்கொண்டதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சரி, பிரிம்மா" என்றார்.

பிரித்தார்கள். முச்சந்திகளை எண்ணி, அதிகமாக இருந்த இடத்தில் முதலில் கை வைத்தார்கள். வயிற்றுக்குள் வயிறாக இருந்ததை வெளியே எடுத்தார்கள். 'வண்டி காலியாக இல்லை என்றால் இதோடு விடு' என்று வேண்டாததை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். எதற்காக இன்னமும் இருக்கின்றன என்று மூத்தவருக்கே தெரியாத சில வரிகள் இருந்தன. எந்தக் காலத்திலோ மூடிப்போன மருத்துவமனைக்கு வண்டி அனுப்புவதற்காக எழுதிய வரிகள். அவற்றுக்கு விடை கொடுத்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அது செய்யும் வேலையையே பெயராக வைத்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கொக்கி ஓட்டிப் பார்த்தாள். நீளம் அப்படியொன்றும் குறையவில்லை. ஒரு துண்டில் இருந்த முச்சந்திகள்தான் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தன.

எண்ணிக்கை குறைந்ததோடு கொக்கி நிறுத்தவில்லை. சரிசரியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "படிங்க சார்" என்றாள். அவர் ஒரு வரிகூட எழுதத் தெரியாதவர். விரல் வைத்துப் படித்தார். "வண்டி காலியா இருக்கா... பக்கத்துல இருக்கா... ஆக்சிஜன் இருக்கா... அனுப்பு." நிமிர்ந்து பார்த்தார். "அவ்வளவுதானா? இதுக்கா பயந்தோம்?"

மூத்தவர் மறுவாரமே லீவு போட்டார். அவர் ஊரில் இல்லாதபோது நிரலில் ஒரு சின்னக் கோளாறு வந்தது. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத புதுப் பெண் படித்துப் பார்த்துச் சரிசெய்தாள். அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. கல்யாணமும் ஆகவில்லை.

இத்தோடு எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்த மழைக்காலத்தில் சரிசரி ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கட்டைவிரல் ரேகையை வைத்தே ஒருவர் நல்ல நிரல் எழுதுவாரா என்று சொல்லிவிடுகிறார்களாம். ஆள் எடுப்பதற்கு ரொம்ப வசதி. கொக்கி வாய் திறப்பதற்குள் அவரே கையமர்த்தினார்.

"சும்மா நம்பிடுவேனா? நானும் சோதிச்சுட்டேன்மா! என்னோட ரேகையையே ரெண்டு வேற வேற பேர்ல அனுப்பினேன்."

கொக்கிக்கு ஆனந்தக் கண்ணீரே வரும் போலிருந்தது. "சபாஷ் சார்! என்ன வந்துச்சு?"

"ஒண்ணுல 'பிறவி மேதை'ன்னு வந்துச்சு. இன்னொண்ணுல 'எதுக்கும் லாயக்கில்லை'ன்னு வந்துச்சு." அவர் குரலைத் தாழ்த்தி, கவலையோடு கேட்டார்: "இதுல எதும்மா சரி?"

சோதித்துப் பார்க்க அடுத்தவர் சொல்லிக் கொடுக்கலாம். சோதித்ததை வைத்து யோசிக்க வேண்டியவர் கழுத்துக்குமேல் தலை வைத்திருப்பவர்தான். அந்த வேலைக்கு மட்டும் இதுவரை யாருக்கும் வாடகைத் தலை கிடைத்ததில்லை. கிடைக்கும் என்று ஒருவன் விற்க வந்தால், அவனுக்கும் ஒரு வரிசை நிற்கும். அதில் உங்களுக்கு முன்னால் நிற்பவரின் தோளைத் தட்டி, எதற்கு நிற்கிறோம் என்றாவது கேளுங்கள்.